திருத்தணி வட்டாரத்தில் பனையும் ஈச்சையும்

திருத்தணி மலையைச் சுற்றியுள்ள நிலத்தில் இரண்டு வகை மரங்கள் வேளாண்மைக் கணக்கில் சேராமலே நெடுங்காலம் ஊருக்குச் சோறு போட்டிருக்கின்றன. தெற்கே அரக்கோணம், கிழக்கே திருவாலங்காடு பக்கம் ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் வரிசையாக நிற்பது பனை. வடக்கே நகரியை நோக்கியும் வடமேற்கே பள்ளிப்பட்டை நோக்கியும் போகப் போக, செம்மண் சரிவுகளிலும் ஓடைப் படுகைகளிலும் ஈச்சமரம் கூடுகிறது. ஆளுயரத்துக்கு மேல் வளராத சிற்றீச்சைப் புதர்கள் பாறை இடுக்குகளில் தாமே முளைக்கின்றன. இவற்றின் ஓலையிலும் ஈர்க்கிலும்தான் துடைப்பமும் பாயும் கூடையும் ஆகின.

சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டின் மிக வெப்பமான ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் தவறாமல் வரும்; 42 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் இங்கே அரிதல்ல. மார்கழியில் பனி இறங்கும், விடியற்காலை குளிரும். ஆனால் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் வருவதில்லை. பனைக்கு இதுவே ஏற்ற இடம். உறைபனியை அது தாங்காது. நீலகிரியின் உச்சியில் பனங்காடு இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். ஈச்சமரம் அப்படியல்ல. பஞ்சாபிலும் கங்கைச் சமவெளியிலும் குளிர்காலத்தைக் கடந்து வளரும் இனம் அது. உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலும் பிழைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் புளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களில் குளிர் தாங்கும் தோட்டமரமாக விலை கொடுத்து வாங்கப்படும் மரங்களில், நகரிச் சாலையோரம் கேட்பாரற்று நிற்கும் இந்த ஈச்சையும் ஒன்று.

பனைக் குடும்பத்து மரங்கள் பெரும்பாலானவற்றுக்கு உயிர் ஓரிடத்தில்தான் இருக்கிறது. உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உள்ள குருத்துதான் அது. வேம்பையோ புளியையோ வெட்டினால் பக்கக் கிளை துளிர்க்கும். பனையின் குருத்து போனால் மரமே போயிற்று. குளிர்நாடுகளில் இம்மரங்களை வளர்ப்பவர்கள் பனிக்காலத்தில் மட்டைகளைச் சேர்த்துக் கட்டிச் சாக்கோ வைக்கோலோ சுற்றுவது இந்தக் குருத்தைக் காக்கத்தான். சீன மலைகளைச் சேர்ந்த ஒரு விசிறிப்பனையை தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் பார்ச்சூன் 1849இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார். நார் மூடிய அடிமரம் கொண்ட அந்த இனம் உறைநிலைக்குப் பத்து டிகிரிக்கும் கீழே தாக்குப்பிடித்தது. ஐரோப்பியத் தோட்டங்களில் பனை வளர்ப்பு பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. திருத்தணியில் குருத்துக்கு எதிரி குளிரல்ல, காண்டாமிருக வண்டு. குருத்தைத் துளைத்து உள்ளே போகும் வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுப்பதும், மட்டை இடுக்குகளில் மணலோடு வேப்பம்பிண்ணாக்கைக் கலந்து போடுவதும் இங்கே இன்றுவரை உள்ள காப்பு முறைகள்.

இவ்வட்டாரத்தின் எழுத்துச் சான்றுகள் பல்லவர் காலத்துக்குப் போகின்றன. திருத்தணியில் உள்ள வீரட்டானேசுவரர் கோயில் 9ஆம் நூற்றாண்டில் அபராஜிதவர்மன் காலத்தில் எழுந்தது. அருகிலுள்ள வேலஞ்சேரியில் 1977இல் கிடைத்த இரு செப்பேட்டுத் தொகுதிகளில் ஒன்று அந்த அபராஜிதனுடையது, மற்றது முதலாம் பராந்தகச் சோழனுடையது. திருவாலங்காட்டில் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வட்டத்துக்குள் இவ்வளவு பட்டயங்கள் கிடைத்த இடங்கள் குறைவு. பல்லவர், சோழர் காலப் பட்டயங்களில் பனையும் தென்னையும் பொதுவாக வரும் இடம் வரிப் பகுதி. ஈழம்பூட்சி என்பது கள்ளிறக்குவோர் அரசுக்குச் செலுத்திய வரி. பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர்களில் கள்ளுக்காக மரமேறக் கூடாது என்ற நிபந்தனையும் சில பட்டயங்களில் உண்டு. வரி வாங்குவதும் ஏறக் கூடாது என்று தடுப்பதுமாக அரசு பனையிடம் காட்டிய இரட்டை முகத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயதாகிறது.

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பாளை விடும்வரை எது எதுவென்று கண்டறிய முடியாது. பாளை விட 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஒருவன் நட்டு வளர்த்த மரமெல்லாம் ஆணாகப் போய்விட்டால் நுங்கும் இல்லை, பழமும் இல்லை. தொண்டை நாட்டில் இந்த ஏமாற்றத்துக்கு ஒரு கோயில் கதையே இருக்கிறது. செய்யாற்றங்கரைத் திருவோத்தூரில் ஓர் அடியார் வளர்த்த பனைகள் எல்லாம் ஆணாக நிற்க, சமணர்கள் ஏளனம் செய்ததாகவும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவற்றைக் குலை ஈன வைத்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே திருப்பனங்காட்டில் பனையே தலமரம். வயலில் நின்ற பனையைத் தொண்டை நாட்டார் கோயிலுக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதற்கு இவை போதும்.

மரமேறும் தொழிலில் இவ்வட்டாரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தமிழ்க் கிராமங்களில் பனை முதன்மை. தெலுங்குப் பேச்சு மிகுந்த கிராமங்களில் ஈச்சை முதன்மை. வட தமிழ் மாவட்டங்களில் கிராமணிகளும், சித்தூர்ப் பக்கம் ஈடிகர்களும் தொழில் மரபினர். இரு மரத்துக்கும் சாறு எடுக்கும் வழி வேறு. பனையில் பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கியால் நசுக்கி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவி, முட்டி என்னும் மண்கலயத்தைக் கட்ட வேண்டும். அதற்காக ஒருவர் நாளொன்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் பருவம் முடியும்வரை விடுமுறை கிடையாது. ஈச்சையில் பாளையைத் தொடுவதில்லை. உச்சிக்குக் கீழே ஒரு பக்கத்து மட்டைகளை நீக்கி, அடிமரத்தின் இளம் பகுதியையே செதுக்கிச் சாறு வடியவிடுவார்கள். அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கம் செதுக்குவார்கள். இப்படி மாறி மாறி வெட்டப்பட்ட மரம் ஏணிபோல இருபுறமும் படிப்படியாகக் குழிந்து வளரும். அந்தக் குழிகளை எண்ணினால் எத்தனை ஆண்டு இறக்கினார்கள் என்று தெரிந்துவிடும். ஆழமாக வெட்டிவிட்டால் குருத்துக்கே கேடு, மேலோட்டமாக வெட்டினால் சாறு வராது. கைப்பழக்கம் இல்லாதவன் கையில் ஈச்சை பிழைப்பதில்லை.

பருவமும் வேறு. ஈச்சை குளிர்காலத்தில் இனிக்கும். ஐப்பசிக்குப் பின் இரவு குளிரக் குளிரச் சாறு தெளிவாக இறங்கும். பனைக்கு வெயில் வேண்டும். தை, மாசியில் தொடங்கி ஆனிவரை. இரண்டும் இருந்த கிராமத்தில் மரமேறிக்கு ஆண்டின் முக்கால் பங்குக்கு வேலை இருந்தது. மீதி மாதங்களில் ஓலை வெட்டு, நார் உரிப்பு, கூரை வேய்தல். வெயிற்காலத்தில் நுங்கு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வந்து சேரும் மாதத்தில் பனம்பழம், பொங்கலுக்குக் கிழங்கு.

இறங்கும் சாறு கள்ளா பதநீரா என்பதை முடிவு செய்வது முட்டியின் உட்புறம்தான். உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாற்றின் புளிப்பு அடங்கும், நொதிக்கும் நுண்ணுயிர் பெருகாது, இனிப்பு அப்படியே நிற்கும். தடவாமல் விட்டால் கட்டிய சில மணி நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கும். சுமார் எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம் தேறும். அதற்கு விறகும் அடுப்படியில் ஒரு பெண்ணின் அரை நாளும் செலவாகும். கள்ளுக்கு விறகும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம், கையில் காசு. பிற்காலச் சட்டங்கள் எல்லாம் இந்த ஒரு விரல் சுண்ணாம்பின்மேல்தான் நின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் திருத்தணி கார்வேட்டிநகரம் ஜமீனுக்கு உட்பட்டது. முதலில் வட ஆர்க்காடு மாவட்டம். 1911 ஏப்ரல் 1 முதல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டம். கள், சாராய வருமானத்தைத் தொடக்கத்தில் குத்தகைக்கு விட்டுக் கொண்டிருந்த அரசு, 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (மதுவரி)ச் சட்டத்துக்குப் பின் மரவரி முறையை மாகாணத்தில் பரப்பியது. இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் உரிமம், ஒவ்வொரு மரத்தின்மேலும் அடையாள எண். அதுவரை ஏரிக்கரையில் எவரும் எண்ணாத மரங்கள் முதன்முறையாகத் தனித்தனியே அரசுப் பதிவேட்டில் ஏறின. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கும் இனிப்புச் சாற்றுக்கு மட்டும் வரி இல்லை. ஆகவே ஆப்காரி ஊழியர் மரத்தடிக்கு வந்தால் முதலில் பார்த்தது முட்டிக்குள் வெள்ளை இருக்கிறதா என்பதையே. தொழிலாளி உரிமம் பெற்றுக் கடை ஏலம் எடுத்தவரிடம் கள்ளைக் கொடுத்தார். விலை கடைக்காரர் கையில், ஏறி விழும் ஆபத்து இவர் தலையில்.

மதுவிலக்கு திருத்தணிக்குத் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முன்பே வந்துவிட்டது. இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபரில் சேலத்தில் அதைத் தொடங்கி, 1938 அக்டோபரில் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு நீட்டியது. பக்கத்து வட ஆர்க்காட்டுக்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. மாவட்ட எல்லையில் இருந்ததால் திருத்தணிப் பக்கத்து மரமேறிக்கு அந்த ஓர் ஆண்டின் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கும்: அரக்கோணம் பக்கத்துப் பனையில் கள் வடியலாம், தன் பனையில் கூடாது. கள்ளுக்கடைகளால் வந்த வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் சென்னை அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இன்று இந்தியாவில் கடையில் பெரும்பாலான பொருள்களை வாங்கும்போது செலுத்தும் வரிக்கு முன்னோடிகளுள் அது ஒன்று. அதன் வேர் பனைமரத்தடியில் இருக்கிறது என்பது பலரும் மறந்த செய்தி.

உலகப்போர்க் காலத்தில், அமைச்சரவை இல்லாத ஆளுநர் ஆட்சியில், மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1946க்குப் பின் மறுபடி வந்து 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. மரமேறிகளுக்கு மாற்றாக அரசு காட்டிய வழி பனைவெல்லம். காந்தியும் அதைக் கைத்தொழிலாக வற்புறுத்தியவர். கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. பதநீர் இறக்க உரிமம் தரப்பட்டது. பின்னர் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் கீழ் சென்னை மாதவரத்தில் பனைவெல்லத்துக்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் வளர்ந்தது. ஆனால் கருப்பட்டி காய்ச்சுவதில் தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துக்கு இருந்த பழக்கமும் சந்தையும் இவ்வட்டாரத்துக்கு இல்லை. ஈச்சைக்கோ நிலைமை இன்னும் மோசம். வங்காளத்தில் ஈச்சவெல்லம் பெரும் பண்டம்; இங்கே அதற்கு வாங்குவோர் இல்லை. கள்ளுக்கென்றே நின்ற மரம் கள் நின்றதும் விறகாயிற்று.

1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. அடுத்த ஆண்டே அந்த மாநிலத்தின் முதல் அரசு கள் பிரச்சினையில் கவிழ்ந்தது. மதுவிலக்கை ஆராய அமைத்த இராமமூர்த்திக் குழு அதைக் கைவிடலாம் என்றது. முதலமைச்சர் பிரகாசத்தின் அமைச்சரவை ஏற்கவில்லை. தொழில் இழந்த கள்ளிறக்குவோர் கௌது லச்சன்னாவின் தலைமையில் போராடினர். 1954 நவம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒரே வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. அரசு போனது, மதுவிலக்கு உடனே போகவில்லை.

அதே ஆண்டுகளில் திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்க வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. மங்கலங்கிழார், கே. விநாயகம் ஆகியோர் உள்ளூரில் முன்னின்றார்கள். மாநில அளவில் தலைமை ம.பொ.சிவஞானம். 1906இல் சென்னையில் கிராமணி குடும்பத்தில் பிறந்தவர் அவர். தம் சமூகத்தின் மரபுத் தொழில் கள்ளோடு பிணைந்திருந்தும் காங்கிரஸ்காரராக மதுவிலக்கை ஆதரித்தார். பனையேறும் மரபில் வந்த ஒருவர் போராடிப் பெற்ற எல்லையே, பின்னர் இவ்வட்டாரத்துப் பனைக்கும் ஈச்சைக்கும் நடுவே கோடாக விழுந்தது. அதை அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது. எல்லைப் பூசலில் நடுவராக இருந்த படாஸ்கர் தந்த தீர்ப்பின்படி, 1959இல் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. ஈடாகச் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. நகரி, புத்தூர் அங்கேயே நின்றன.

எல்லை மாறிய நாளில் கோட்டின் இரு பக்கமும் ஒரே மதுவிலக்குச் சட்டம்தான். வேறுபாடு பிறகு வந்தது. ஆந்திரம் 1968ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள்ளை உரிமத்தோடு அனுமதித்து, காலப்போக்கில் மரங்களைக் கள்ளிறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கும் முறையை ஏற்படுத்தியது. தமிழ்நாடு 1971இல் திறந்தது, 1973இல் கள்ளுக்கடைகளை மூடியது, 1981இல் மறுபடி திறந்தது, 1987 சனவரி 1 முதல் முழுவதும் தடை செய்தது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனமோ அயல்நாட்டு வகை மதுவை விற்கிறது. பதினாறு ஆண்டுக்குள் இரு முறை திறந்து இரு முறை மூடிய தொழிலுக்கு எந்தத் தகப்பன் மகனைப் பழக்குவான்? மரமேறுவது பத்து, பன்னிரண்டு வயதிலேயே கால் பழக வேண்டிய வேலை. ஒரு தலைமுறை விட்டுப்போனால் அடுத்ததற்குக் கற்றுத்தர ஆள் இருக்காது. எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் உரிமத்தோடு கள் கிடைக்கையில், இப்பக்கத்து மரங்கள் ஏறுவாரின்றி நின்றன.

தொழில் நின்றபின் மரமும் குறைந்தது. இதற்குத் தடையை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. ஓலைக் கூரை ஓடாகவும் பிறகு காங்கிரீட்டாகவும் மாறியது. பனஞ்சட்டத்தின் இடத்தை இரும்பு பிடித்தது. திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை வந்தபின் கரும்பு இனிப்புக்கும் காசுக்கும் வழியாயிற்று. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் விசைத்தறி ஆள்களை இழுத்துக்கொண்டது. செங்கல் சூளைகள் பனையை மலிவான எரிபொருளாகக் கண்டன. நிலம் மனைகளாகப் பிரிந்தபோது வரப்போடு வரப்பின் மரமும் போனது. 1978இல் பனை மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமை வெட்டுவதைத் தடுத்ததாகத் தெரியவில்லை. 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண்மை நிதிநிலை அறிக்கை வந்தபோதுதான், மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்ற அறிவிப்பு வெளியானது. 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும் அதில் சொல்லப்பட்டது.

பனை விதைப்பது எளிது, பறித்து நடுவது கடினம். ஆவணி, புரட்டாசியில் உதிர்ந்த பழத்தின் சதையை நீக்கிச் சில நாள் குவித்து வைத்து, பத்து அடி இடைவெளியில் அரை அடிக்கும் குறைவான ஆழத்தில் புதைத்தால் போதும். வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். விதையிலிருந்து முதலில் வெளிவருவது இலையல்ல. குழல்போன்ற ஒரு தண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அங்கே கிழங்காகத் திரள்கிறது. இலை அதன் பிறகே மேலே வருகிறது. ஆழமில்லாத பையில் வளர்த்த கன்றின் கீழ்முனை மடங்கிப்போவதால் நட்டபின் தேறுவதில்லை. அதனால் கன்று வேண்டுவோர் நீளமான பைகளையோ குழாய்த் துண்டுகளையோ பயன்படுத்துகிறார்கள். முதல் சில ஆண்டுகள் தரைக்கு மேல் இரண்டு மூன்று ஓலைதான் தெரியும். மரம் வளரவில்லை என்று எண்ணிப் பிடுங்குவோரும் உண்டு. அந்த ஆண்டுகளில் ஆடு மேயாமலும் ஏர் படாமலும் பார்த்துக்கொள்வதே காவல், தண்ணீர் அல்ல.

வீட்டு முற்றத்தில் பனை வைக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருந்ததில்லை. உயர்ந்த மரத்திலிருந்து மட்டையும் காயும் விழும், இடி இறங்கும், பேய் குடியிருக்கும் என்று ஒதுக்கினார்கள். பனைக்கு இடம் வரப்பும் ஏரிக்கரையும். இன்று புது மனைகளில் வாசலுக்கு இருபுறமும் நிற்பவை அயல்நாட்டு அழகுப் பனைகள். கியூபா பக்கத்து இராசபனை, மடகாஸ்கரின் அரிக்கா பாம், ஆஸ்திரேலியாவின் நரிவால் பனை முதலியவை நாற்றங்கால்களிலிருந்து, பெரும்பாலும் கோதாவரிக் கரையின் கடியத்திலிருந்து, லாரியில் வருகின்றன. நரிவால் பனை அறிவியலில் பெயரிடப்பட்டதே 1983இல்தான். நாற்பதாண்டுக்குள் திருத்தணி வாசல்வரை வந்துவிட்டது. இவற்றுக்கு வேனிலில் நீர் வேண்டும், கோடை வெயிலில் இளங்கன்றுகளுக்கு நிழல் வேண்டும். பச்சை மட்டைகளை அழகுக்காக வெட்டுவது இவற்றில் பரவலான தவறு. காய்ந்து தொங்குவதை மட்டும் எடுக்க வேண்டும். பழுத்து மஞ்சளாகும் அடிமட்டையிலிருந்து பொட்டாசியச் சத்தை மரம் புது இலைக்கு இழுத்துக்கொள்வதால், அதை முன்னதாக வெட்டினால் அடுத்த வரிசையும் மஞ்சளாகும்.

ஈச்சைக்கும் இந்தச் சந்தையில் இடம் கிடைத்திருக்கிறது. பனையைப் போலன்றி வளர்ந்த ஈச்சமரத்தை வேர்மண்ணோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டால் பிழைக்கும். நட்டபின் ஓராண்டு நீர் கொடுத்து, மட்டைகளைக் குறைத்து, குருத்தைக் கட்டி வைத்தால் போதும். உணவு விடுதிகளும் சாலையோரத் தோட்டங்களும் அதனால்தான் முழு மரமாகவே வாங்குகின்றன. விதையிட்டு வளர்ப்பதும் கடினமல்ல. ஓரிரு மாதத்தில் முளைக்கும், உவர் கலந்த மண்ணிலும் வரும், நிலையூன்றிய பின் நீரே கேட்காது. மட்டையின் அடியில் ஊசி போன்ற முள்கள் இருப்பதால் குழந்தைகள் நடமாடும் இடத்தை விட்டுத் தள்ளி நட வேண்டும்.